த்ரெட் தொடங்குவதற்கு முன், அது எப்படி முடியும் என்று சொல்லுங்கள்

சி மொழியில் ஒரு த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் மற்றவற்றோடு சேர்ந்து ஓடும் தனி வேலை, தொடங்க ஒரு வரி போதும். அதைச் சொல்லித்தரும் பாடங்களில் பாதி, இரண்டு த்ரெட்டைத் தொடங்கி, இரண்டும் ஆளுக்கொரு ஹலோ சொன்னதும் ஜாயின் செய்து, அதாவது முடியும்வரை காத்திருந்து, சுபம் போட்டுவிடும். வேலைக்கு எழுதும் நிரலில் த்ரெட் தானாக முடிவதே அபூர்வம். ஒன்று சீரியல் போர்ட்டில் காத்துக் கிடக்கும். இன்னொன்று சர்வர் பதில் சொல்லட்டும் என்று தொங்கிக்கொண்டிருக்கும். இவற்றையெல்லாம் எப்படி வீட்டுக்கு அனுப்புவது? எங்கள் டீமில் யார் புதிதாக ஒரு த்ரெட் போட்டு ரிவ்யூவுக்குத் தந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "இது எப்படி முடியும்?" பதில் இல்லையென்றால் மீதியைத் திறப்பதே இல்லை.

நிரல் வரிகளை இங்கே ஒட்டப் போவதில்லை. ஃபங்ஷன் பெயர்களைச் சொல்கிறேன், மேன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

உதாரணத்துக்கு நாங்கள் பராமரிக்கும் ஒரு எடைமேடைப் பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். நாமக்கல் பக்கம் ஒரு ஜல்லி கிரஷரில் இருக்கிறது. டிப்பர் காலியாக ஒரு தடவை மேடை ஏறும், லோடோடு ஒரு தடவை ஏறும். எடை காட்டும் இண்டிகேட்டர் சீரியல் வயர் வழியாக 9600 பாட் வேகத்தில் எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைப் படிக்க ஒரு த்ரெட், டேட்டாபேஸில் எழுத ஒன்று, சீட்டு அடிக்க ஒன்று, ஆபீஸ் சர்வருக்கு அனுப்ப ஒன்று. உள்ளே 32 பிட் லினக்ஸ் ஓடும் சின்ன ஏ.ஆர்.எம். போர்டு. நிரலை முதலில் எழுதியவர்கள் வேறு யாரோ, பராமரிப்பு மட்டும் எங்களிடம் வந்தது.

வந்தபோது அதோடு ஒரு நடைமுறையும் சேர்ந்தே வந்தது: "மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்." ஏன் என்று யாருக்கும் தெரியாது. செய்யாவிட்டால் சாயங்காலம் அப்லோட் நின்றுவிடும், அவ்வளவுதான்.

காரணம் பழைய நிரலின் ஒரே ஒரு வரியில் இருந்தது. ஒவ்வொரு எடைக்கும் புதிதாக ஒரு அப்லோட் த்ரெட். த்ரெட் தொடங்கும் ஃபங்ஷனான பி-த்ரெட் கிரியேட்டைக் கூப்பிட்டு விட்டுவிட்டார்கள். ஜாயினும் இல்லை, "யாரும் காத்திருக்க மாட்டார்கள், முடிந்ததும் தானே துடைத்துக்கொள்" என்று சொல்லும் டிடாச்சும் இல்லை. த்ரெட் தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். ஆனால் "இவன் என்ன பதில் கொண்டுவந்தான்" என்று யாராவது ஜாயின் செய்து கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் அதன் ஸ்டாக்கை (லோக்கல் மாறிகள் இருக்கும் இடத்தை) லைப்ரரி அப்படியே பிடித்து வைத்திருக்கும். லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜீ-லிப்சியில் ஒரு த்ரெட்டின் ஸ்டாக் அளவு வழக்கமாக யூ-லிமிட் வரம்பில் இருப்பதுதான், அதாவது 8 எம்பி. 32 பிட் ப்ராசஸுக்குக் கிடைக்கும் முகவரி இடம் பெரும்பாலும் 3 ஜிபி. வகுத்துப் பாருங்கள், 384. லைப்ரரிகளும் ஹீப்பும் எடுத்துக்கொண்டது போக 380-ஐத் தொடும் முன்பே கிரியேட் கை விரித்துவிடும். வண்டிக்கு இரண்டு எடை என்றால், கூட்டமான நாளில் சாயங்காலத்துக்குள் கணக்கு முடிந்துவிடுகிறது. மத்தியானம் ஆஃப் பண்ணினால் மீண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். அந்த நடைமுறையைக் கண்டுபிடித்தவர் யாரோ, பாராட்டத்தான் வேண்டும்.

இதே நிரலை 64 பிட் போர்டில் போட்டிருந்தால் வருஷக்கணக்கில் தெரிந்திருக்காது. 8 எம்பி என்பது வெறும் முகவரிக் கணக்கு. த்ரெட் தொட்ட பக்கங்களுக்கு மட்டும்தான், 4 கேபி 4 கேபியாக, உண்மையான ரேம் போகும். அதனால் "த்ரெட்டுக்கு 8 எம்பியா!" என்று பயந்து கண்டபடி அளவைக் குறைக்கவும் வேண்டாம். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: ஆல்பைன் லினக்ஸில் வரும் மஸ்ல் என்ற சி லைப்ரரியில் த்ரெட் ஸ்டாக் 128 கேபிதான். ஃபங்ஷனுக்குள் 256 கேபிக்கு ஒரு பஃபரை லோக்கலாக அறிவித்தால் உபுண்டுவில் ஓடும், அங்கே விழும்.

கிரியேட் தோற்றதை அந்த நிரல் கவனிக்கவே இல்லை என்பது அடுத்த விஷயம். பி-த்ரெட் ஃபங்ஷன்கள் தோற்றால் மைனஸ் 1 தந்து எர்னோ என்ற மாறியில் காரணத்தை வைப்பதில்லை. பிழை எண்ணையே நேராகத் திருப்பித் தரும். பழக்க தோஷத்தில் பி-எரர் கூப்பிட்டால் எர்னோவில் ஏற்கெனவே கிடந்தது எதுவோ அதுதான் அச்சாகும். "த்ரெட் ஃபெயில்ட்: சக்சஸ்" என்று லாகில் பார்த்திருப்பீர்கள். திரும்பி வந்த எண்ணை ஒரு மாறியில் வாங்கி ஸ்டர்-எரருக்குக் கொடுங்கள். கிரியேட்டின் நாலாவது ஆர்க்யுமென்ட்டில் லூப் மாறியின் முகவரியை அனுப்பாதீர்கள் என்பதை எல்லாப் பாடமும் சொல்லிவிடுகிறது, நான் வேறு சொல்ல வேண்டாம்.

எடைக்கு ஒரு த்ரெட் என்பதை எடுத்துவிட்டு, நாள் முழுக்க உயிரோடு இருக்கும் ஒரே அப்லோட் த்ரெட், அதற்கு ஒரு க்யூ என்று மாற்றினோம். மத்தியான நடைமுறை ஒழிந்தது. அப்புறம்தான் பெரிய பிரச்சினை தெரிந்தது.

பெட்டியில் ஒரு ஷட்டவுன் பட்டன் இருக்கிறது. அதை யாரும் அமுக்குவதில்லை. எடைமேடை அறையில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் கேட்டேன்.

"அமுக்குனா அது பாட்டுக்கு யோசிச்சுக்கிட்டே நிக்குது தம்பி. கடைசி பஸ்ஸ விட்டுட்டு நானும் கூட நிக்கவா? ப்ளக்கப் புடுங்கிருவேன்."

எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது ப்ளக்கைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்டு வயிற்றைக் கலக்கும். திரையைச் செருகிப் பார்த்தால் லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்-டியின் அந்தப் பிரசித்தமான வரி: "எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்", பக்கத்தில் 1 நிமிடம் 30 விநாடி வரை எண்ணும் கடிகாரம். ஒரு சர்வீஸை நிறுத்தச் சொன்னால் சிஸ்டம்-டி முதலில் "முடித்துக்கொள்" என்ற சிக்-டெர்ம் சிக்னலை அனுப்பும். வழக்கமாக 90 விநாடி பொறுத்துப் பார்க்கும். அசையாவிட்டால் சிக்-கில், ஒரேயடியாகக் கொன்றுவிடும். நம் நிரல் 90 விநாடியும் அசையவில்லை.

வேடிக்கை என்னவென்றால் எங்கள் ஆபீசில் அதே பெட்டி, அதே பட்டன், உடனே நின்றது. எங்கள் மேசையில் இண்டிகேட்டர் எப்போதும் ஆனில் இருக்கும். கிரஷரில் அக்கா முதலில் இண்டிகேட்டரை அணைப்பார், அப்புறம்தான் பெட்டி. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அதற்குள் மொத்தக் கதையும் இருக்கிறது.

பழைய நிரலில் சிக்-டெர்ம் வந்தால் ஓடும் ஹேண்ட்லர் ஒன்று உண்டு. அது "நிறுத்து" என்ற ஒரு வாலடைல் மாறியை 1 ஆக்கும். சீரியல் த்ரெட் ஒவ்வொரு தடவை ரீட் முடித்ததும் அந்த மாறியைப் பார்க்கும். மெயின் த்ரெட் ஜாயினில் உட்கார்ந்திருக்கும். இண்டிகேட்டர் ஆனில் இருந்தால் விநாடிக்குப் பல தடவை எடை வரும், ரீட் திரும்பும், மாறியைப் பார்க்கும், முடியும். இண்டிகேட்டர் அணைந்தால் வயரில் ஒரு எழுத்தும் வராது. ரீட் திரும்பாது. மாறியில் 1 இருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

சிக்னல் வந்தால் ரீட், இடையில் குறுக்கீடு என்று சொல்லும் ஈ-இன்ட்ர் பிழையோடு திரும்பிவிடாதா என்று கேட்கலாம். திரும்பாது, இரண்டு காரணம். ப்ராசஸுக்கு வரும் சிக்னலை அதைத் தடுத்து வைக்காத ஏதோ ஒரு த்ரெட்டுக்குத்தான் கெர்னல் கொடுக்கும். மெயின் சும்மா இருந்தால் மெயினுக்கே போகும். ஜாயின் ஈ-இன்ட்ர் தருவதே கிடையாது, ஹேண்ட்லர் ஓடி முடிந்ததும் மறுபடி காத்திருக்கத் தொடங்கும். சரி, சீரியல் த்ரெட்டுக்கே சிக்னல் போனாலும், ஜீ-லிப்சியில் சிக்னல் ஃபங்ஷன் வழியாக வைத்த ஹேண்ட்லர் எஸ்.ஏ. ரீஸ்டார்ட்டோடு வரும். ரீட்டைக் கெர்னலே மறுபடி தொடங்கிவைத்துவிடும்.

"அண்ணா, பி-த்ரெட் கேன்சல்னு ஒண்ணு இருக்கே? ரீட் கேன்சலேஷன் பாயிண்ட்தானே?" என்று டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். சரியான கேள்விதான். கேன்சலேஷன் பாயிண்ட் என்றால், கேன்சல் சொன்னதும் த்ரெட் முடியக்கூடிய இடம். ரீட்டில் நிற்கும் த்ரெட்டைக் கேன்சல் உண்மையிலேயே எழுப்பி முடித்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் த்ரெட் ரீட்டில்தான் நிற்கும் என்று யார் உத்தரவாதம்? மியூடெக்ஸ் என்ற பொதுப் பூட்டைப் பூட்டிவிட்டு லாக் எழுதப் போயிருக்கலாம். கோப்பில் எழுதும் ஃபங்ஷன்களும் கேன்சலேஷன் பாயிண்ட்தான், பிரிண்ட்-எஃப் கூட அப்படி இருக்கலாம் என்று யூனிக்ஸ் வகைச் சிஸ்டங்களுக்கான தரமான போசிக்ஸ் சொல்கிறது. அங்கே கேன்சல் விழுந்தால் பூட்டு பூட்டியபடியே கிடக்கும், சாவியோடு ஆள் போயாச்சு. இதற்காகவே கிளீனப் புஷ், கிளீனப் பாப் என்று மேக்ரோக்கள் இருக்கின்றன. அவற்றை ஒழுங்காகப் போட்டு முடிக்கும் நேரத்தில் வேறு நல்ல வழியையே எழுதிவிடலாம். ஆண்ட்ராய்டின் பயானிக் லைப்ரரியில் பி-த்ரெட் கேன்சலே கிடையாது. எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

இன்னொரு யோசனையும் வந்தது: மெயினிலிருந்து சீரியல் போர்ட்டை க்ளோஸ் செய்துவிட்டால் ரீட் தோற்றுத் திரும்பாதா? லினக்ஸில் இதை நம்ப முடியாது. உள்ளே நிற்கும் ரீட் அப்படியே நிற்கலாம். அதைவிட மோசம், க்ளோஸ் ஆன போர்ட்டின் எண் (ஃபைல் டிஸ்கிரிப்டர், சுருக்கமாக எஃப்டி) அடுத்த நொடியே திறக்கும் வேறொரு கோப்புக்குப் போய்ச் சேரலாம். சீரியல் த்ரெட் அடுத்த சுற்றில் டேட்டாபேஸ் கோப்பை "எடை" என்று படிக்கும்.

நாங்கள் எடுத்த வழி ஈவெண்ட்-எஃப்டி. 2007-இல் லினக்ஸ் 2.6.22-இல் வந்தது. உள்ளே 64 பிட் எண் ஒன்று, வெளியே பார்த்தால் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர். சீரியல் த்ரெட் நேராக ரீட்டில் போய் உட்காருவதில்லை. பல எஃப்டிகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் 'போல்' என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு சீரியல் போர்ட், ஈவெண்ட்-எஃப்டி இரண்டையும் ஒன்றாகக் கவனிக்கிறது. நிறுத்த வேண்டுமென்றால் மெயின் அந்த எஃப்டியில் 1 எழுதும். போல் அந்தக் கணமே திரும்பும். அந்த 1-ஐ எந்த த்ரெட்டும் படித்துக் காலி செய்யக் கூடாது, அதுதான் சூட்சுமம். படிக்காமல் விட்டால் அது எப்போதும் "தயார்" என்றே காட்டிக்கொண்டிருக்கும். போலில் நிற்கும் எத்தனை த்ரெட் இருந்தாலும் அத்தனைக்கும் ஒரே தடவை எழுதியதில் சேதி போய்விடும். இதெல்லாம் எதற்கு, சீரியல் போர்ட் அமைப்புகளைத் தரும் டெர்மியாஸில் வி-மின் 0, வி-டைம் 5 என்று வைத்தால் அரை விநாடிக்கு ஒரு தடவை ரீட் தானே திரும்புமே என்றால், அதுவும் தப்பில்லை. எடைமேடைக்கு அரை விநாடி ஒன்றும் பெரிதில்லை. எனக்கு வேலையில்லாமல் எழுந்து எழுந்து பார்க்கும் த்ரெட் பிடிக்காது, அவ்வளவுதான்.

சிக்னலை எங்கே வாங்குவது என்பதையும் அப்போதே மாற்றினோம். எந்த த்ரெட்டும் தொடங்குவதற்கு முன் மெயின் சிக்-டெர்மைத் தடுத்து வைக்கிறது. பிறக்கும் த்ரெட்டுகள் அந்தத் தடையோடேயே பிறக்கும். அப்புறம் மெயின் ஜாயினில் உட்காராமல், சிக்னல் வரும்வரை காத்திருக்கும் சிக்-வெய்ட்டில் உட்காரும். ஹேண்ட்லர் என்ற ஒன்றே இல்லை, அதற்குள் எதைக் கூப்பிடலாம் எதைக் கூப்பிடக் கூடாது என்ற தலைவலியும் இல்லை.

அப்லோட் த்ரெட்டின் கதை வேறு. அது நிற்கும் இடம் இரண்டு. க்யூவில் ஒன்றும் இல்லாதபோது கண்டிஷன் வேரியபிளில் நிற்கும், யாராவது எழுப்பும்வரை தூங்கும். இங்கே "நிறுத்து" மாறியை அதே மியூடெக்ஸைப் பூட்டிக்கொண்டுதான் மாற்ற வேண்டும். மாறியை அட்டாமிக் ஆக்கிவிட்டேனே, பூட்டு எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நடப்பது இது: த்ரெட் மாறியைப் பார்க்கிறது, 0. காத்திருக்கப் போகிறது, இன்னும் வெய்ட்டுக்குள் நுழையவில்லை. அந்த இடைவெளியில் மெயின் மாறியை 1 ஆக்கி, பிராட்காஸ்டும் அனுப்பிவிடுகிறது. கேட்க ஆள் இல்லாத பிராட்காஸ்ட் காற்றோடு போயிற்று. த்ரெட் இப்போது வெய்ட்டுக்குள் நுழைகிறது, தூங்குகிறது, இனி எழுப்ப யாரும் வர மாட்டார்கள். பூட்டோடு மாற்றினால் இந்த இடைவெளியே கிடையாது. பூட்டைத் திறப்பதையும் தூங்கப் போவதையும் வெய்ட் ஒரே செயலாகச் செய்வது இதற்காகத்தான். வெய்ட்டை இஃப்பில் வைக்காமல் வைலில் வைக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே. காரணமே இல்லாமல் அது திரும்பி வரலாம் என்று போசிக்ஸ் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

இரண்டாவது இடம் நெட்வொர்க். கிரஷரில் சிக்னல் ஒரு கோடு இருந்தால் அதிர்ஷ்டம். அப்லோடுக்கு நாங்கள் வைத்திருக்கும் லிப்கர்ல் லைப்ரரியில் இணைப்புக்குக் காத்திருக்கும் நேரம், நாம் எதுவும் சொல்லாவிட்டால், 300 விநாடி. 90 விநாடிக் கெடுவுக்கு முன் இது எங்கே முடிவது? அதை 10 ஆக்கினோம். ப்ராக்ரஸ் கால்பேக்கிலிருந்து 1-ஐத் திருப்பினால் கர்ல் பாதியில் விட்டுவிட்டு வரும். அதில் "நிறுத்து" மாறியைப் பார்க்க வைத்தோம். பல த்ரெட் உள்ள நிரலில் நோ-சிக்னல் ஆப்ஷனையும் போட மறக்காதீர்கள்.

தோற்றுப்போன அப்லோடை 30 விநாடி கழித்து மறுபடி முயல வேண்டும். அதற்கு டைம்ட்-வெய்ட். இது "30 விநாடி" என்று வாங்காது, "இத்தனை மணி வரை" என்று வாங்கும். அந்த மணியும் சுவர்க் கடிகாரத்தின் மணி. எங்கள் போர்டில் பேட்டரியோடு கடிகாரச் சில்லு இல்லை, நெட் கிடைத்ததும், நெட்வொர்க் வழியாக நேரம் வாங்கும் என்டிபி நேரத்தைத் திருத்தும். நேரம் முன்னால் தாவினால் கவலையில்லை, த்ரெட் சீக்கிரம் எழும். யாராவது கையால் தேதியைத் தப்பாக அடுத்த வருஷத்துக்கு வைத்து, அப்புறம் என்டிபி பின்னால் இழுத்தால்? த்ரெட் ஒரு வருஷம் தூங்கும். கண்டிஷன் வேரியபிளை உருவாக்கும்போதே அட்ரிபியூட்டில், ஒருபோதும் பின்னால் போகாத மோனோட்டானிக் கடிகாரத்தை வைத்துவிட்டால் தீர்ந்தது. சி11 தரத்தில் வந்த த்ரெட்ஸ் ஹெடருக்கு நான் இன்னும் மாறாததற்கு இதுவே காரணம். ஜீ-லிப்சியில் 2018-இலேயே, 2.28-இல், அது வந்துவிட்டது. பெயர்களும் சின்னதாக அழகாக இருக்கின்றன. ஆனால் அதன் டைம்ட்-வெய்ட்டுக்குச் சுவர்க் கடிகாரம் மட்டும்தான் தெரியும்.

எந்த வரிசையில் நிறுத்துவது? தொடங்கியதற்குத் தலைகீழாக. முதலில் எடை படிக்கும் த்ரெட், அது நின்றால் புது வேலை உள்ளே வராது. பிறகு அப்லோட். டேட்டாபேஸ் த்ரெட் தன் க்யூவில் மீதமிருப்பதை எழுதி முடித்த பிறகுதான் நிற்கும், நம் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டை அதுவே மூடும். மாற்றங்கள் எல்லாவற்றையும் லேப்டாப்பில் த்ரெட் சானிடைசரோடு ஓட்டிப் பார்த்தோம். அது 64 பிட்டில் மட்டும் ஓடும் என்பதால் போர்டில் முடியாது. இண்டிகேட்டருக்குப் பதிலாக சோகேட் என்ற கருவியை வைத்து ஒரு பொய்ப் போர்ட். நிரல் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், பரவாயில்லை, பூட்டாமல் தொட்ட இடங்களை வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிடும்.

மிச்சம் பிரிண்டர் த்ரெட். இதை மட்டும் ஒழுங்காக முடிக்க வழியில்லை. பிரிண்டர்காரர்கள் கொடுத்த லைப்ரரி பைனரியாகத்தான் இருக்கிறது. காகிதம் தீர்ந்தால் அதன் பிரிண்ட் ஃபங்ஷன் உள்ளேயே நின்றுவிடும், எந்த எஃப்டியும் வெளியே தெரியாது, போல் செய்ய முடியாது. எனவே இதற்கு மட்டும் கெடு வைத்து ஜாயின். போசிக்ஸில் கெடு வைத்த ஜாயின் இல்லை. ஜீ-லிப்சியில் டைம்ட்-ஜாயின் உண்டு, 2.31 முதல் மோனோட்டானிக் கடிகாரத்தோடு க்ளாக்-ஜாயினும் உண்டு. 3 விநாடி பார்ப்போம். வரவில்லையா, டேட்டாபேஸ் ஏற்கெனவே மூடியாயிற்று, அண்டர்ஸ்கோர் எக்ஸிட் கூப்பிட்டு வெளியே போய்விடுவோம். சாதாரண எக்ஸிட் வேண்டாம். அது அட்-எக்ஸிட் ஹேண்ட்லர்களை ஓட்டி எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கும்போது பிரிண்டர் த்ரெட் இன்னும் உள்ளே உயிரோடு இருக்கும்.

அப்படிப் போகும்போது எந்த த்ரெட் வரவில்லை என்று லாகில் ஒரு வரி எழுதுகிறோம். அதற்காக ஒவ்வொன்றுக்கும் செட்-நேமில் பெயர் வைத்திருக்கிறோம். கெர்னல் அனுமதிப்பது 15 பைட், அதற்கு மேல் போனால் ஈ-ரேஞ்ச் என்று திருப்பிவிடும். யூடிஎஃப்-8இல் தமிழுக்குக் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் கணக்கு. ஆகவே ஐந்து குறியீடுதான் இடம். "எடை" தாராளமாக அடங்கியது. "பதிவு", "அச்சு" இரண்டும் சரியாக 15. "அனுப்பு" 21 பைட், ஈ-ரேஞ்ச். அதற்கு "மேகம்" என்று வைத்தோம். லாகில் "அச்சு வரவில்லை" என்று இருந்தால் அக்காவுக்குப் போன் செய்து பேப்பர் ரோல் மாற்றச் சொல்வோம்.